ஒஸ்திரியாவின் மூன்று அயலவர்: யாருடன் கைகோர்ப்பது?

டிப்ளோமசி ஆட்டத்தின் ஏழு வல்லரசுகளுள் ஒஸ்திரியாவை விரும்பிக் கேட்டு வாங்குபவர்கள் அரிது. போயா விடுமுறைகளில் வெள்ளவத்தையிலுள்ள அடுக்குமாடி வீடொன்றில் கூடும் எங்கள் ஏழு பேரிடையேயும் அது சீட்டுக் குலுக்கலில்தான் யாராவது ஒருவர் தலையில் விழும். சென்ற முறை என் தலையில் விழுந்தது. இத்தாலி, ரஷ்யா, துருக்கி ஆகிய மூன்று அயலவருள் எவருடன் சேர்ந்தால் ஒஸ்திரியா பிழைக்கும், எவருடன் சேர்ந்தால் பிழைப்பதோடு வளரவும் செய்யும் என்பதை அந்த ஆட்டத்தை முன்வைத்தே இங்கு எடை போட்டுப் பார்க்கிறேன்.

ஆட்டம் அறியாதவர்களுக்கு இவ்வளவு போதும். 1959இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் தாயக்கட்டை கிடையாது. அதிர்ஷ்டத்தைப் பழிசொல்ல வழியுமில்லை. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பிய வரைபடத்தில் 34 மையங்கள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு படையைத் தாங்கும் இடங்கள், இருக்கின்றன. அவற்றுள் 18ஐப் பிடிப்பவர் வென்றவர். 1901ஆம் ஆண்டு வசந்தத்தில் ரஷ்யா நான்கு படைகளோடும் மற்றைய ஆறு வல்லரசுகளும் மும்மூன்று படைகளோடும் தொடங்குகின்றன. பேச்சுவார்த்தை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கட்டளைகளை இரகசியமாக எழுதி வைக்க, எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கப்படும். எல்லாப் படைகளுக்கும் பலம் ஒன்றேயாதலால், இன்னொரு படையின் துணையின்றி எதிர்ப்பை எவராலும் தள்ள முடியாது. சம பலத்தில் இருவர் ஒரே இடத்துக்கு வந்தால் இருவரும் உள்ளே நுழைய முடியாமல் இருந்த இடத்திலேயே நிற்பர். அதை எங்கள் மேசையில் 'பவுன்ஸ்' என்போம். கூட்டு முறிந்தால் தண்டனை எதுவும் இல்லை. பேச்சுவார்த்தைக்கு எங்களிடையே 15 நிமிடம். பல்கனியும் படிக்கட்டும் குசினி வாசலும் அந்நேரத்தில் வெளிநாட்டு அமைச்சுகளாகிவிடும்.

ஒருவருடைய நிலையை மதிப்பிடும்போது நாங்கள் பெரும்பாலும் மையங்களை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஆறு மையம் வைத்திருப்பவர் நாலு மையக்காரரைவிடப் பலசாலி என்ற அந்தக் கணக்கு கூட்டாளியைத் தேர்வதற்கு உதவாது. கூட்டாளியிடம் நான் பார்ப்பது மூன்று விடயங்கள்: அவருடைய படைகள் என் எல்லையை எங்கே தொடுகின்றன, எனக்குத் துரோகம் செய்தால் அன்றே அவர் கையில் என்ன சேரும், அவருடைய மனம் மாறியது எனக்கு எவ்வளவு முன்னதாகத் தெரியவரும் என்பன. மூன்றாவதுதான் முக்கியமானது என்பேன். வாயால் சொல்வதை எவரும் மாற்றிச் சொல்லலாம். குளிர்காலத்தில் புதிதாகக் கட்டும் படையோ எல்லோர் கண்முன்னும் மரக்கட்டையாக நிற்கும். தரைப்படையா கப்பலா, எந்தத் துறைமுகத்தில் என்பதை ஒளிக்க முடியாது.

ரஷ்யாவிலிருந்து தொடங்கலாம். ஒஸ்திரியாவும் ரஷ்யாவும் சேர்ந்தால் துருக்கி மூலைக்குள் முடங்கி, சில ஆண்டுகளில் அழிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் இருவருக்குமிடையிலுள்ள கலீசியா என்ற ஒரே ஒரு மாகாணம் அந்தக் கூட்டின் குரல்வளையில் நிற்கிறது. அங்கு ரஷ்யப் படை ஒன்று நுழைந்தால் வியன்னா, புடாபெஸ்ட் இரண்டையும் ஒரேசமயம் அச்சுறுத்தும். எது தாக்கப்படப் போகிறது என்பது தெரியாமல் இரண்டையும் காக்க வேண்டிய நிலைக்கு ஒஸ்திரியா வந்துவிடும். முதல் வசந்தத்தில், ரஷ்யாவாக இருந்த தம்பி படிக்கட்டில் வைத்து என்னிடம், "அண்ணா, கலீசியாக்குள்ள நான் வரமாட்டன், நீங்களும் வரவேண்டாம்" என்றான். நான் சம்மதித்துவிட்டு, வியன்னாப் படையைக் கலீசியாவுக்கு எழுதினேன். அவனும் வோர்சோவிலிருந்து கலீசியாவுக்கு எழுதியிருந்தான். பவுன்ஸ். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிளேன்டீ குடித்தோம். இலையுதிர்காலத்திலும் இதுவே நடந்தது. அவன் பொய்யன் என்று இதற்காக நான் சொல்லமாட்டேன், ஏனெனில் பொய் சொன்னதில் நானும் சமபங்காளி. கலீசியா அத்தகைய இடம். வெறுமையாக விட்டுவைத்தால் எவருக்கும் கை அரிக்கும்.

துருக்கியுடனான கூட்டு இன்னும் கடினமானது. துருக்கி வரைபடத்தின் தென்கிழக்கு மூலையில், முதுகுப் பக்கம் எதிரியே இல்லாமல் இருக்கிறது. மூலையில் இருப்பவரை அழிப்பது சிரமம் என்பதால் துருக்கி பாதுகாப்பானது. மூலையில் இருப்பதாலேயே வெளியேற வழியும் குறைவு. பல்கேரியா முதல் அடி. அதற்கடுத்த அடி கிரேக்கம், சேர்பியா, ருமேனியா ஆகியவற்றுள் ஒன்றாகவே இருக்கும். அவற்றுள் முதலிரண்டும் ஒஸ்திரியாவுக்கு இயல்பாகச் சேரவேண்டியவை. ஆகவே நட்பு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், துருக்கி வளரும் ஒவ்வோர் அடியும் ஒஸ்திரியாவின் வாசலை நோக்கியே வரும். ரஷ்யாவைத் தாக்கிச் செவஸ்தபோலைப் பிடிக்கத் துருக்கி மனதார முடிவுசெய்தால் மட்டும் சில காலம் நிம்மதி. அதற்கான அடையாளம் அங்காராவில் கட்டப்படும் கப்பல், ஏனெனில் அது கருங்கடலுக்கானது. ஸ்மிர்னாவில் கட்டப்படும் கப்பலுக்கு ஏஜியன் கடலைத் தவிர உருப்படியான வேலை இல்லை. ஏஜியன் என்றால் அடுத்தது கிரேக்கம். ஸ்மிர்னாக் கப்பல் இத்தாலியிடமிருந்து தற்காத்துக்கொள்வதற்கும் தேவைப்படும் என்பதால், அதை மட்டும் வைத்துத் துருக்கியின் தலையில் பழி போட முடியாது.

இத்தாலியைப் பற்றி எழுதும்போது ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் இரண்டு வல்லரசுகளின் சொந்த மையங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது இந்த வரைபடம் முழுவதிலும் ஓரிடத்தில் மட்டுமே: இத்தாலியின் வெனிஸும் ஒஸ்திரியாவின் திரியெஸ்ற்றும். அதாவது, முதல் நாளே என் வீட்டுக் கதவை ஓரடியில் தட்டக்கூடிய ஒரே அயலவர் இத்தாலிதான். அதனால்தான் புதியவர்கள் இத்தாலிக்கு அஞ்சி, திரியெஸ்ற்றிலுள்ள கப்பலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, கிரேக்கத்தை இழக்கிறார்கள். ஆனால் துரோகத்தின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இத்தாலி திரியெஸ்ற்றைப் பிடித்தால் கிடைப்பது ஒரு மையம். அடுத்த சில ஆண்டுகளில் மெலிந்த ஒஸ்திரியாவை ரஷ்யாவும் துருக்கியும் பங்கிட்டுக்கொள்ள, அந்த வெள்ளம் வெனிஸ் வாசலில் வந்து நிற்கும். இத்தாலிக்கு ஒஸ்திரியா ஓர் அணைக்கட்டு. அணையை உடைத்து மீன் பிடிப்பவர் அதிகம் இல்லை. மேலும் இத்தாலியின் வளர்ச்சிப் பாதை என் பாதையை வெட்டுவதில்லை. லெபாந்தோ என்று அழைக்கப்படும் தொடக்க நகர்வுத் திட்டத்தில் இத்தாலி முதலாண்டில் தூனிசுக்குத் தரைப்படையைக் கடல் வழியாக ஏற்றி, இரண்டாம் ஆண்டில் அதே படையைக் கிழக்கு மத்தியதரைக் கடலால் சிரியாவில் இறக்கும். 1571இல் கிரேக்கக் கரையோரம் ஒட்டோமன் கப்பற்படை தோற்ற போரின் பெயர் அதற்கு வந்தது பொருத்தமே.

இத்தாலியிடம் குறை இல்லாமலில்லை. மூவருள் மெதுவாக வளர்வது இதுதான். தூனிசுக்குப் பிறகு ஐந்தாவது மையம் எதுவென்று அதற்கே தெரியாது. கிழக்கே போர் இழுபட்டால், பசித்த இத்தாலி திரும்பிப் பார்க்கும் முதல் இடம் திரியெஸ்ற்றாகவே இருக்கும். பிரான்ஸ் மார்செயிலிருந்து பீட்மொன்ருக்குள் ஒரு படையை நகர்த்தினாலே போதும், இத்தாலி கிழக்கைக் கைவிட்டு ஓடிவிடும். இங்கிலாந்தும் ஜேர்மனியும் பிரான்சை இழுத்து வைத்திருக்கின்றனவா என்பதை மட்டும் ஒஸ்திரியா ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டால் போதுமானது. வடக்கே மற்றபடி என்ன நடக்கிறது என்பதில் முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு அக்கறையில்லை.

எங்கள் மேசையில் 1901 முடிந்தபோது நிலைமை இதுதான். சேர்பியாவையும் கிரேக்கத்தையும் பிடித்து நான் ஐந்து மையங்களுடன் இருந்தேன். இத்தாலிக்கும் துருக்கிக்கும் நான்கு நான்கு. ருமேனியா, சுவீடன் இரண்டும் கைக்கு வந்ததால் ரஷ்யாவுக்கு ஆறு. வசந்தத்தில் கருங்கடலுக்காக ரஷ்யாவும் துருக்கியும் மோதிக்கொண்டன. அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். இலையுதிர்காலத்தில் ரஷ்யக் கப்பல் ருமேனியாவுக்குப் போக, துருக்கிக் கப்பல் எதிர்ப்பின்றிக் கருங்கடலுக்குள் நுழைந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, ஏனெனில் ருமேனியாவுக்குப் போவது ரஷ்யாவுக்கு இயல்பான நகர்வே. குளிர்காலக் கட்டைகள் மேசைக்கு வந்தபோதுதான் விளங்கியது. பகைவனின் கப்பல் கருங்கடலில் நிற்கும்போது எந்த ரஷ்யனும் செவஸ்தபோலில் கப்பலைத்தான் கட்டுவான். இவன் செவஸ்தபோலிலும் மொஸ்கோவிலும் தரைப்படைகளைக் கட்டினான். துருக்கி கட்டியது ஸ்மிர்னாவில் கப்பல். தனியாகப் பார்த்தால் ஸ்மிர்னாக் கப்பலுக்கு வேறு பொருள் சொல்லலாம். செவஸ்தபோல் தரைப்படையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருள் ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் ஜக்கர்நாட் என்று அழைக்கும் ரஷ்ய-துருக்கிக் கூட்டு உருண்டு வரத் தொடங்கிவிட்டது. வசந்தகால மோதல் எனக்காக நடத்தப்பட்ட நாடகம்.

இத்தாலியோ நேப்பிள்ஸில் கப்பல் கட்டியது. அது கடலை நோக்கிய பதில். இனி என் முறை: இரண்டு படைகளைக் கட்டலாம், வெற்றிடங்கள் திரியெஸ்ற்றும் புடாபெஸ்டும். திரியெஸ்ற்றில் கப்பல் வைத்தால் ஏதிரியாற்றிக் கடலுக்குள் போகும் என்று இத்தாலி பயந்திருக்கும். ஆகவே இரண்டிலும் தரைப்படைகளையே வைத்தேன். திரியெஸ்ற்றுத் தரைப்படையும் வெனிஸைத் தொடத்தான் செய்கிறது. எனினும் இடத்தை வெறுமையாக விட்டு நண்பரின் நல்ல குணத்தைச் சோதிப்பதைவிட அது மரியாதையானது.

எண்ணிக்கையில் ரஷ்யா-துருக்கி 10, ஒஸ்திரியா-இத்தாலி 9. மையக் கணக்கு பார்ப்பவர்கள் நாங்கள் தோற்றோம் என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று சுவீடனில் நின்ற கப்பல். தெற்கே அதனால் பயனில்லை. ருமேனியாவில் நின்றதும் கப்பல். அது கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் நுழையாது, ஆகவே புடாபெஸ்டையோ சேர்பியாவையோ அதனால் தாக்கவும் முடியாது, தாக்குபவருக்குத் துணை நிற்கவும் முடியாது. செவஸ்தபோல் தரைப்படையோ அதே கப்பலின் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. ஆகவே கலீசியாவுக்கு ரஷ்யாவால் அந்த வசந்தத்தில் கொண்டுவரக்கூடியது வோர்சோவும் உக்ரேனும், அதாவது இரண்டு. என்னிடமும் வியன்னாவும் புடாபெஸ்டும், அதே இரண்டு.

1902 வசந்தத்தின் கட்டளைத் துண்டுகள் வாசிக்கப்பட்டன. கலீசியாவில் இரண்டுக்கு இரண்டு, பவுன்ஸ். அயோனியன் கடலிலிருந்து புறப்பட்ட இத்தாலியக் கப்பலும் ஸ்மிர்னாக் கப்பலும் ஏஜியனில் முட்டித் திரும்பின, கிரேக்கம் தப்பியது. இத்தாலியின் துண்டில் கடைசி வரி வெனிஸைப் பற்றியது. வாசித்தவர் வேண்டுமென்றே ஒரு மிடறு தேநீர் குடித்துவிட்டுத்தான் வாசித்தார்: "வெனிஸ், அசையாது."