என்எஸ்-3இன் டாக்சிஸ் தொகுதி: வீடு தெரிகிறது, தெரு தெரியவில்லை

ஒரே கேபிளைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இணையப் பிணையத்தின் செயல்திறனைக் கணிப்பதற்காக என்எஸ்-3 என்ற பிணையச் சிமுலேட்டரையும், கேபிள் இணையத்துக்கான தரமான டாக்சிஸை அதில் இணைத்து இயக்கும் டாக்சிஸ் தொகுதியையும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். என்எஸ்-3, 2008 முதல் வெளிவரும் கட்டணமில்லாத திறமூல மென்பொருள். டாக்சிஸ் 3.1 தரத்தைப் பின்பற்றும் இந்தத் தொகுதியை வெளியிட்டிருப்பது கேபிள் துறையின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ். சோதிக்க விரும்பும் ஒவ்வொரு சூழலையும் நிரலாகவே எழுத வேண்டியிருப்பதால், சி++ பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும்.

இதன் உண்மையான பலம் பதிவேற்றத் திசையில்தான் தெரிகிறது. பதிவிறக்கத்தில் பேசுவது கேபிள் நிறுவனத்தின் பக்கம் இருக்கும் தலைமுனைக் கருவி ஒன்றே. ஆகவே அங்கே பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வரிசையில் நிற்பதைத் தவிரப் பெரிய சிக்கல் இல்லை. பதிவேற்றத்திலோ எல்லா மோடங்களும் ஒரே தடத்தில் பேச வேண்டும் என்பதால், மோடம் முதலில் இடம் கேட்டு விண்ணப்பிக்கிறது. தலைமுனைக் கருவி ஏறக்குறைய 2 மில்லிவினாடிக்கு ஒருமுறை அனுப்பும் மேப் என்ற ஒதுக்கீட்டு அறிவிப்பில் தன் முறை வந்த பிறகுதான் மோடம் பாக்கெட்டை அனுப்புகிறது. தடம் முழுவதும் காலியாக இருந்தாலும் பாக்கெட் சில மில்லிவினாடிகள் காத்திருப்பது இதனால்தான். வேகத்தை வெறும் மெகாபிட் கணக்கில் பார்க்கும் எளிய மாதிரிகளில் இந்தக் காத்திருப்பு தலைகாட்டுவதே இல்லை. இந்தத் தொகுதியிலோ ஒவ்வொரு பாக்கெட்டும் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது.

மோடத்தின் பஃபரில், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில், வரிசை நீளாமல் காக்கும் டாக்சிஸ்-பை முறையையும் நன்றாகவே அமைத்திருக்கிறார்கள். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள மோடத்தில் 250 கிலோபைட் பஃபர் நிரம்பிவிட்டால், அதன் கடைசியில் நிற்கும் பாக்கெட் வெளியேற 200 மில்லிவினாடி ஆகும் என்பது கைக்கணக்கிலேயே தெரியும். 2017இல் வெளியான ஆர்எஃப்சி 8034 என்ற இணைய நுட்ப ஆவணம் விவரிக்கும் இந்த முறை தாமதத்தை 10 மில்லிவினாடி அருகே நிறுத்தி வைக்க முயல்வதையும், திடீரென்று ஒரு பெரிய கோப்பு பதிவேறும்போது முதல் சில நொடிகளில் சற்றுத் தடுமாறுவதையும் வரைபடத்தில் பார்ப்பது உண்மையிலேயே சுவையானது.

ஆனால் 'பகிர்தல்' என்ற சொல்லுக்கு வந்ததும் தொகுதி வேறு வழியில் போகிறது. ஒரு தலைமுனைக் கருவி, ஒரு மோடம் என்பதே அதன் அமைப்பு. அண்டை வீடுகள் தனித்தனி மோடங்களாக இல்லாமல், தடத்தில் சராசரியாக எவ்வளவு இடம் மிச்சம், அது எத்தனை சதவீதம் ஏறி இறங்கலாம் என்ற இரண்டு எண்களாகவே இருக்கின்றன. ஒரு வீட்டின் தாமதத்தை அறிய இது போதும். விண்ணப்பங்கள் ஒன்றோடொன்று மோதி, மோதியவை தற்செயலாகத் தேர்ந்த இடைவெளிக்குப் பின் மீண்டும் முயலும்போது தெரு முழுவதும் என்ன ஆகிறது என்று கேட்டால், பதில் கிடைக்காது. அதற்காகத் தனியே ஒரு சிறு நிரல் எழுதினேன். அது சரிதானா என்று பார்க்க நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது: எல்லா மோடங்களும் போட்டியிடும் விண்ணப்ப இடங்களில், மோதலின்றி ஒரு விண்ணப்பம் வெற்றி பெறும் இடங்களின் பங்கு, பகிர்ந்த தடத்தில் தற்செயலாகப் பேசுவோரைப் பற்றிய ஸ்லாட்டட் அலோகா கோட்பாட்டின்படி, சுமார் 37 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

போக்குவரத்தை உருவாக்குவதிலும் கவனம் தேவை. பாக்கெட்டுகள் பாய்சான் முறையில், அதாவது ஒன்றையொன்று சாராமல் சீரான சராசரியில், வருவதாக வைத்துக்கொண்டால் முடிவுகள் அளவுக்கு மீறி நம்பிக்கையூட்டும். உண்மையான இணையப் போக்குவரத்து திரள் திரளாக வரும். என்எஸ்-3இன் ஆன்-ஆஃப் செயலியில் இயங்கும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் அவ்வப்போது மிக நீண்ட மதிப்புகளும் வரும் பரேட்டோ பரவலிலிருந்து எடுக்கலாம் என்பது பெரிய வசதி.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சோதனையைப் பத்து முறை ஓட்டி, பத்து முறையும் கடைசித் தசமம் வரை ஒரே விடை வந்ததைப் பார்த்து, மாதிரி அவ்வளவு உறுதியானது என்று மகிழ்ந்தேன். சமவாய்ப்பு எண்களின் தொடக்க விதை இயல்பாகவே மாறாது என்பதும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆர்என்ஜிரன் என்ற ஓட்ட எண்ணை நாமே மாற்றித் தர வேண்டும் என்பதும் கையேட்டிலேயே இருக்கின்றன.

இப்போது முதலில் என் சிறு நிரலை ஓட்டி, இத்தனை வீடுகள் இருந்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று கண்டுகொண்டு, அந்த எண்ணைத்தான் டாக்சிஸ் தொகுதிக்குக் கொடுக்கிறேன்.