ஹட்டனில் இருந்துகொண்டு இணையத்தில் விலை உயர்ந்த பொருள் வாங்குவது

இம்முறை கனடாவிலிருந்து இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்த மருமகளுக்கு ஒரு மடிகணினியும், அம்மாவுக்கு ஒரு கைத்தொலைபேசியும், தம்பிக்குப் பழைய முச்சக்கரவண்டி ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. மூன்றையும் இக்மன் என்ற விற்பனை விளம்பரத் தளம், பேஸ்புக் மார்கெட்பிளேஸ் ஆகியவற்றின் விளம்பரங்கள் வழியாகவே தேடினோம். டவுன் கடைகளில் தெரிவு குறைவு என்பதால் தோட்டத்து இளைஞர்கள் இப்போது முதலில் பார்ப்பது அங்கேதான்.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒன்றரை இலட்சம் ரூபாய் மடிகணினி என்பது அந்தக் கணக்கில் நூற்றுப் பத்து நாளுக்கு மேற்பட்ட கொழுந்துக்கூலி. கனடாவில் ஏமாந்தால் கடனட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீட்க ஒரு வழி இருக்கிறது. இங்கே தனி விற்பனையாளருக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கையிலிருந்து கைக்கு, அல்லது கணக்கிலிருந்து கணக்குக்குச் சில நொடிகளில் போய்விடுகிறது. அனுப்பியவர் கேட்டார் என்பதற்காக மட்டும் வங்கி அதைத் திருப்பி எடுத்துத் தராது. ஆகவே பார்க்க வேண்டியவை அனைத்தையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பொருளை வீட்டுக்கு வரவழைத்து, வந்த பின் பணம் கொடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்து வீடுகளைப் பொறுத்தவரை எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெரும்பாலான லயன் அறைகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து தோட்டத்தின் பிரிவுகளுக்குப் போகும் பழைய வழக்கமே எங்கள் பக்கத்தில் தொடர்கிறது. கூரியர்காரர் மேற்பிரிவு வரை வண்டியை ஏற்ற விரும்பாமல், சந்திக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லித் தொலைபேசியில் அழைப்பார். அங்கே மழையில் நின்று பணத்தைக் கொடுத்த பின்புதான் பெட்டியைப் பிரிக்க முடியும். எங்கள் பிரிவு இளைஞர் ஒருவர் அப்படி வாங்கிய பெட்டிக்குள் பழுதான பழைய கைத்தொலைபேசி இருந்தது; அனுப்பியவரின் இலக்கம் அன்று மாலையே செயலிழந்துவிட்டது. டராஸ் போன்ற இணையக் கடைத் தளத்துக்குள்ளேயே பணம் செலுத்தினால் பொருளைத் திருப்பி அனுப்பவும் முறையிடவும் ஒரு முறை உண்டு. "வெளியே எடுத்தால் விலை குறையும்" என்று விற்பனையாளர் சொல்வதற்கு இணங்கினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

மடிகணினிக்கு முதலில் பேசிய ஒருவர், "தங்கச்சி, இன்னொரு ஆளும் கேக்குறாரு, ஒரு பத்தாயிரம் போட்டு விட்டா உங்களுக்கே வச்சிருக்கேன்" என்றார். அவர் கொடுத்த வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில் இருந்ததால் அவரை அத்தோடு விட்டோம். (பேச்சுவார்த்தை முழுவதும் மருமகளுடையது; என் பேச்சில் வெளிநாட்டு வாடை வீசினால் விலை ஏறும் என்று அவள் சொன்னதை மறுக்க எனக்குத் துணிவில்லை.) அடுத்துக் கிடைத்தவர் கண்டிக்காரர், முற்பணம் கேட்கவில்லை. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேருந்தில் போய், பகல் வேளையில் ஒரு வங்கிக் கிளையில் அவரைச் சந்தித்தோம். வங்கியில் சந்திப்பது விற்பவருக்கும் நல்லதே. கள்ளநோட்டுப் பயமின்றிப் பணத்தை அங்கேயே கணக்கில் வைப்பிடலாம். மருமகள் தொடரிலக்கத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டு உத்தரவாதக் காலத்தைப் பார்த்தாள்; மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கவனித்தாள்; பின்னர் முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவச் சொன்னாள். இந்தக் கடைசிக் காரியத்துக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் அலுவலகங்களிலிருந்து வெளியேறிய மடிகணினிகளில் பழைய நிறுவனத்தின் பூட்டு இருந்தால் அது அப்போதுதான் வெளிப்படும். விளம்பரத்தில் "வொரண்டி உண்டு" என்று இருந்தால், அது அந்த வர்த்தகப் பெயரின் உள்ளூர் முகவர் தரும் ஏஜன்ட் வொரண்டியா, விற்ற கடை மட்டும் தரும் ஷொப் வொரண்டியா என்று கேட்க வேண்டும். ஷொப் வொரண்டி அந்தக் கடை இருக்கும்வரைதான்.

கைத்தொலைபேசிக்கு வழி எளிது. *#06# என்று அழுத்தினால் அந்தச் சாதனத்துக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான சாதனமா என்ற பதில் வந்துவிடுகிறது. 2025 ஜனவரி 28க்குப் பின் பதிவில்லாத சாதனங்களை உள்ளூர் வலையமைப்புகளில் புதிதாக இணைக்க முடியாது என்பதால், மலிவாக விற்கப்படும் "வெளிநாட்டுப் பெட்டி"களை இந்தச் சோதனையின்றித் தொடவே கூடாது. ஐபோன் என்றால், விற்பவர் அதிலுள்ள தம் ஆப்பிள் கணக்கிலிருந்து நம் கண்முன்னே வெளியேற வேண்டும்.

முச்சக்கரவண்டிதான் அதிக நேரம் எடுத்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஏறிய பழைய வண்டிகளின் விலை, 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. பதிவுச் சான்றிதழில் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், வண்டி இன்னும் கடனில் இருக்கிறது என்று பொருள். அத்தகைய வண்டியை வாங்கவே கூடாது என்பதில்லை; விற்பவருடன் கம்பனியின் கிளைக்கே போய், மீதிக் கடனை அங்கே செலுத்தி, விடுவிப்புக் கடிதத்தைப் பெற்ற பின்பே எஞ்சிய தொகையை அவரிடம் கொடுக்க வேண்டும். தம்பி பார்த்த முதல் வண்டியின் சட்டக (சேசிஸ்) இலக்கம் சான்றிதழிலுள்ளதோடு பொருந்தவில்லை. அடுத்தது 'ஓப்பன் பேப்பர்' வண்டி: பதிவு உரிமையாளர் கையொப்பமிட்ட, வாங்குபவர் பெயர் எழுதாத படிவங்கள் இரண்டு கை மாறி வந்திருந்தன. பதிவு உரிமையாளரை நேரில் கண்டு அடையாள அட்டையைப் பார்க்காமல் வேண்டாம் என்றேன். தம்பிக்குச் சற்றுக் கோபம்தான். பின்னர் தலவாக்கலையில் முதல் உரிமையாளரிடமிருந்தே ஒன்று கிடைத்தது, விலை சற்றுக் கூடுதலாக.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினர்கள் அதை நேரே விற்பனையாளரின் கணக்குக்கு அனுப்பாமல் வீட்டாரின் கணக்குக்கே அனுப்புவது நல்லது. அப்போது பொருளைக் கண்ணால் பார்த்தவரே பணத்தை விடுவிப்பார். பொருள் விற்றவுடன் விளம்பரம் மறைந்துவிடும் என்பதால் அதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் முன்கூட்டியே படமெடுத்து வைக்க வேண்டும். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். தனி ஆள் பணத்தோடு மறைந்தால் அந்தப் படங்களையும் வங்கிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.