ரெட்மைன்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவரும் நிறைகுறைகள்

ரெட்மைனை முதல் தடவை திறப்பவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். குழுவின் வேலைகளைப் பதிவுசெய்து கண்காணிக்க உதவும், 2006-இல் வெளிவந்த மென்பொருள். திரையின் தோற்றமும் அந்தக் காலத்தை விட்டு அதிகம் நகரவில்லை. கட்டற்ற மென்பொருள் என்பதால் ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா கிடையாது, ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குழுவின் வேலைமுறைக்குத் தக்கபடி நன்றாக வளைந்துகொடுக்கும். ஆனால் சில அமைப்புகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சிலவற்றை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். எது எந்த வகை என்று திரை சொல்லாது.

வொர்க்ஃப்ளோவில் இருந்து தொடங்கலாம். ஒவ்வொரு ரோலும் (பயனரின் பொறுப்பு) ஒவ்வொரு டிராக்கரும் (வேலையின் வகை) சேரும் இணைக்கும் தனித்தனி அட்டவணை. எந்த ஸ்டேட்டஸில் (வேலையின் நிலை) இருந்து எதற்குப் போகலாம் என்பதை அதில் டிக் செய்ய வேண்டும். மூன்று ரோல், மூன்று டிராக்கர் என்றால் 9 அட்டவணை, சமாளிக்கலாம். துறைக்கு ஒரு டிராக்கர் கேட்கிறார்களே என்று எட்டு வைத்து, ரோலையும் ஐந்தாக்கினால் 40. அதன் பிறகு ஒரு ஸ்டேட்டஸ் சேர்ப்பதே அரை நாள் வேலை. வேலை நகரும் வழி உண்மையிலேயே வேறாக இருந்தால் மட்டும் டிராக்கரைப் பிரித்து வையுங்கள். துறை வேறுபாட்டுக்கு ஒரு கஸ்டம் ஃபீல்டு (நாமே சேர்க்கும் கூடுதல் தகவல் கட்டம்) போதும்.

புதிதாகச் சேர்த்த ஸ்டேட்டஸ் அட்டவணையிலேயே இல்லையே என்று குழம்புபவர்கள் ஏராளம். 'இந்த டிராக்கர் பயன்படுத்தும் ஸ்டேட்டஸ்களை மட்டும் காட்டு' என்ற பெட்டியில் ஏற்கெனவே டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டுத் திரும்பத் திறந்தால் புதியதும் வந்துவிடும். ஓர் அட்டவணையைச் சரிசெய்ததும் காப்பி வசதியால் மற்ற ரோல்களுக்குக் கொண்டுபோகலாம்.

கஸ்டம் ஃபீல்டில்தான் நிதானம் வேண்டும். அதன் வகையை உருவாக்கிய பின் மாற்ற முடியாது. சாதாரண லிஸ்ட் வகையில், தேர்ந்தெடுத்த சொல்லே ஒவ்வொரு பதிவிலும் எழுத்தாகச் சேமிக்கப்படுகிறது. பிறகு அந்தச் சொல்லைத் திருத்தினால் பழைய பதிவுகளில் பழைய சொல்லே நிற்கும். புதிய பெயரில் ஃபில்டர் போட்டால் அவை வராது. கீ-வேல்யூ லிஸ்ட் வகை சொல்லுக்குப் பதில் அதற்கான எண்ணைச் சேமிப்பதால் பெயரை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். பெயர் மாற வாய்ப்புள்ள எதற்கும் இதையே எடுங்கள். 'ஃபில்டராகப் பயன்படுத்து' என்ற டிக்கையும் மறக்கக் கூடாது. அது இல்லாத ஃபீல்டை வைத்துப் பட்டியலைப் பிரித்தெடுக்க முடியாது.

ஒரு ஃபீல்டைப் பொதுவாகக் கட்டாயமாக்குவது நல்லதல்ல. பழைய டாஸ்க்கைத் திருத்த வருபவரும் அதை நிரப்பியாக வேண்டும் என்பதால், வெறும் '-' என்று போட்டு நகர்ந்துவிடுவார்கள், அறிக்கை குப்பையாகும். வொர்க்ஃப்ளோ பக்கத்திலுள்ள ஃபீல்டு அனுமதிகளில், வேலை முடிந்ததாகக் குறிக்கும் ஸ்டேட்டஸுக்கு மட்டும் கட்டாயம் என்று வைக்கலாம். ஒருவருக்கு இரண்டு ரோல் இருந்தால் இரண்டிலும் கட்டாயம் என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதி அவரைத் தொடாது.

தாய் டாஸ்க்கின் தேதியைத் திருத்த முடியவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். அது பழுதல்ல: துணை டாஸ்க்குகளில் இருந்து தேதியும் முன்னுரிமையும் தானாகக் கணக்காகின்றன. வேண்டாமென்றால் செட்டிங்ஸில் தனித்தனியாக்கலாம். வேலைகளைக் கால வரிசையில் பட்டைகளாகக் காட்டும் கான்ட் வரைபடத்தை இழுத்து நகர்த்த முடியாது, பார்க்க மட்டுமே. வேலைகளை அட்டைகளாக நகர்த்தும் கன்பன் பலகையும் பிளகின் (தனியாகச் சேர்க்கும் கூடுதல் நிரல்) இல்லாமல் கிடைக்காது. அட்டைகளை நகர்த்துவது மட்டுமே தேவையென்றால் ட்ரெல்லோ என்ற எளிய கருவி போதும், இவ்வளவு பாடு வேண்டாம்.

கெடு நெருங்குவதை நினைவூட்டும் மின்னஞ்சல் தானாகப் போகாது. அதற்கான கட்டளையைச் சர்வரின் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) தினசரி ஓட வைக்க வேண்டும். நாள் எண்ணிக்கை சொல்லாவிட்டால் 7 நாள் என்று எடுத்துக்கொள்ளும்.

பிளகின்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வையுங்கள். பெரிய பதிப்பு மாறும்போது அடியிலுள்ள ரெயில்ஸ் என்ற நிரல் கட்டமைப்பும் மாறுகிறது. கைவிடப்பட்ட ஒரு பிளகின் போதும், சர்வரே எழும்பாது. நீக்கும்போது ஃபோல்டரை மட்டும் அழித்தால் அதன் டேபிள்கள் டேட்டாபேஸில் தங்கிவிடும். முதலில் பிளகினின் மைக்ரேஷனை (டேட்டாபேஸில் அது செய்த மாற்றங்கள்) பூஜ்ய பதிப்புக்கு இறக்க வேண்டும். பதிப்பு மாற்றத்தை முதலில் ஒரு நகல் சர்வரில் செய்து பாருங்கள். அந்த நகலுக்கு டேட்டாபேஸ் மட்டும் போதாது. இணைப்புக் கோப்புகள் தனி ஃபோல்டரில் இருப்பதால் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.