மிச்சிகனில் மான் வேட்டைக்கு எந்தப் பரண், எந்த மரம்?

வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போகும் என்னிடம் இரண்டு பரண்கள் இருக்கின்றன. ஒன்று, நண்பரின் பண்ணை ஓரத்தில் ஓக் மரத்தில் சாத்திக் கட்டிய ஏணிப் பரண். இன்னொன்று, முதுகில் சுமந்துபோய் பெல்ட் போட்டு இறுக்கும் சின்னப் பரண். பல சீசனாக இரண்டிலும் உட்கார்ந்தாயிற்று. சொகுசு ஏணிப் பரணில்தான். மான் கிடைப்பதென்னவோ சின்னதில்தான்.

எல்லாம் காற்று செய்கிற வேலை. இங்கே நவம்பரில் பெரும்பாலும் மேல்காற்று. மான்கள் பகலில் படுத்துக்கிடக்கும் சதுப்புப் புதருக்கு மேற்கே ஏணிப் பரண் இருக்கிறது. மேல்காற்று அடிக்கும் நாளில் அதில் ஏறினால் நம் வாடை நேரே புதருக்குள் போய்விடும். சின்னப் பரணை அன்றைய காற்றுக்குத் தகுந்த மரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

செல்போன் சொல்லும் காற்றை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் பக்கம் மில்க்வீட் செடி நிறைய உண்டு, நம்மூர் எருக்குக்கு உறவு. அதன் பஞ்சை ஒரு டப்பாவில் அடைத்துப் பையில் வைத்திருப்பேன். மேலே இருந்து ஒரு இழையை விட்டால் கண்ணெட்டும் தூரம்வரை போகிற வழி தெரியும். வெயில் சாய்ந்ததும் அது மேற்குக் காற்றை மறந்துவிட்டு, மெல்ல இறங்கி, ஓடைப் பள்ளத்துக்குள் நழுவும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்குவதுதான் காரணம். காலையில் வெயில் ஏற ஏற மேலே கிளம்பும். நம் வாடையும் அதோடுதான் போகும். அதனால் காலையில் சரிவின் மேல்பக்கம், மாலையில் பள்ளத்தை ஒட்டி என்று மரம் பார்ப்பேன்.

அக்டோபரில் வெள்ளை ஓக் காய் கொட்டும் இடம் போதும். நவம்பரில் கடாக்கள் பெட்டைகளைத் தேடி அலையும்போது, சதுப்புக்கும் சோள வயலுக்கும் நடுவே காடு குறுகும் இடம்தான் என் தேர்வு. ஆனால் அங்கே போகும் வழியே மான் தடத்தின் மேல் என்றால், எவ்வளவு நல்ல மரமானாலும் விட்டுவிடுவேன்.

உயரம் பதினைந்திலிருந்து இருபது அடி. அதற்கு மேல் போனால் அம்பு செங்குத்தாக இறங்கும். இரண்டு நுரையீரலிலும் பாய்வது கடினம். உயரத்தைவிட முதுகுக்குப் பின்னால் அடர்த்தி முக்கியம். இலை உதிர்ந்த மேப்பிளில் உட்கார்ந்தால் வானத்தில் அப்பட்டமாகத் தெரிவோம். பக்கத்தில் குளிரிலும் பச்சையாக நிற்கும் ஹெம்லாக் மரம் ஒன்று இருந்தால் மறைவு.

குறைகளும் உண்டு. கடுங்குளிரில் சின்னப் பரணின் மூட்டு கிறீச்சிடும். நைலான் வாஷர் போட்ட பிறகு அடங்கியது. குஷன் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. ஏணிப் பரணின் பெல்ட்டை வருடா வருடம் தளர்த்திக் கட்ட வேண்டும், மரம் பருத்தால் நாடா இற்றுப்போகும். பொது நிலத்தில் ஆணியோ ஸ்க்ரூ படியோ மரத்தில் இறக்கக் கூடாது, அதனால் பெல்ட் போட்ட படிகளே வாங்குங்கள். உடல் முழுக்கப் பூட்டும் பாதுகாப்பு வாரான ஹார்னஸைத் தரையிலேயே மரத்தில் கட்டிய பாதுகாப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டுதான் ஏறுவேன். பரணுக்குக் கொடுத்த காசைவிட அந்தக் கயிற்றுக்குக் கொடுத்ததுதான் உருப்படியான செலவு.