கோல்டு அட்டையை நம்பி அம்மாவை அனுப்பினேன்: பிரிக்ஃபீல்ட்ஸில் நான் ஏமாந்த விதம்

லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு 2025 செப்டம்பரில் பிரசவ நாள் குறித்திருந்தார்கள். அம்மாவும் சின்னம்மாவும் ஆகஸ்டு கடைசியிலேயே போய்ச் சேர்வதாக ஏற்பாடு. அம்மாவுக்கு 73 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேர் விமானத்திலேயே 13, 14 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் காலை மடக்கி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிசினஸ் வகுப்பில் படுத்தபடி போகட்டும் என்று ஆசைப்பட்டேன். முழு விலை கொடுத்து வாங்க வசதி இல்லை. ஆனால் என்னிடம் மைல்கள் இருந்தன; அதாவது, அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் பயணப் புள்ளிகள்.

வேலைக்காக நான்கு ஆண்டுகள் துபாய்க்கும் ஐரோப்பாவுக்கும் ஓயாமல் பறந்து சேர்த்தவை அவை. கணக்கில் 184,000 மைல்களும், அதிகம் பறக்கும் உறுப்பினர்களுக்கு அந்த நிறுவனம் தரும் கோல்டு அட்டை கையிலும் இருந்தன. வீட்டில் இல்லாமல் போன தீபாவளிகளுக்கும் பிள்ளைகளின் பிறந்தநாள்களுக்கும் ஈடாகக் கிடைத்தது என்றே அந்த அட்டையை நினைத்திருந்தேன். அதை அம்மாவுக்காகச் செலவழிப்பதைவிட வேறு என்ன வேண்டும்?

கோயிலில் பழக்கமான ஒருவர் அந்தப் பயண முகவரைப் பற்றிச் சொன்னார். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பூக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். சுவரில் சாமி படம், பக்கத்திலேயே சட்டமிட்ட உரிமச் சான்று. அந்தச் சான்றில் இருந்த பெயரை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் அது வேறொரு நிறுவனத்தின் பெயர் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

“அண்ணே, கோல்டு அட்டை கையில் இருக்கும்போது எதற்கு முழு விலை கொடுக்க வேண்டும்?” என்றார் அவர். “இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைப் போடுவோம். உங்கள் மைலை வைத்து அம்மாவையும் சின்னம்மாவையும் மேலே ஏற்றிவிடுகிறேன். கோல்டு என்றால் கணினியே முதலில் உங்களைத்தான் எடுக்கும். ஆளுக்கு 2,500 ரிங்கிட் சேவைக் கட்டணம். அம்மா படுத்துக்கொண்டே போவார்கள், அது என் பொறுப்பு.”

இந்தப் பேச்சில் ஒவ்வொரு துண்டும் பாதி உண்மை. அதனால்தான் நம்பினேன். அவர் எங்கே திரித்தார் என்பதை அறிய எனக்கு இரண்டு மாதமும் 14,200 ரிங்கிட்டும் ஆயின. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காக விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அட்டை. கோல்டு, பிளாட்டினம் போன்ற தகுதிநிலைகள் பறக்கும் ஆளோடு ஒட்டியவை. ஓய்வறை, கூடுதல் பெட்டி எடை, விமானத்தில் முன்னதாக ஏறுவது எல்லாம் பொதுவாக அந்த உறுப்பினர் பயணம் செய்யும்போதுதான் கிடைக்கும். ஓய்வறைக்கு ஒரு விருந்தினரை அழைத்துச் செல்லலாம் என்றாலும், உறுப்பினர் கூடவே போக வேண்டும். நான் அந்த விமானத்தில் போகவே இல்லை. இருக்கைகளுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்ட நாளில் விமான நிறுவனம் தானாகவே சிலரை மேல் வகுப்புக்கு மாற்றுவது உண்டு. தகுதிநிலை உள்ளவர்களை அப்போது முதலில் பார்ப்பதும் உண்டு. ஆனால் அது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. முன்கூட்டிப் பணம் வாங்கிக்கொண்டு அதை உறுதியளிக்க எந்த முகவராலும் முடியாது. ஒன்வேர்ல்டு, ஸ்டார் அலையன்ஸ் போன்ற விமான நிறுவனக் கூட்டணிகளில் ஒரு நிறுவனத்தில் பெற்ற தகுதிநிலையை மற்ற நிறுவனங்கள் மதித்து ஓய்வறைக்குள் விடும். அதற்காக இலவசமாக மேல் வகுப்பு இருக்கை தந்துவிடுவதில்லை.

அடுத்தது டிக்கெட். இதைத்தான் நான் அறவே அறியாமல் இருந்தேன். சாதாரண வகுப்பு என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோம். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட கட்டண வகைகள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஒய், பி போன்றவை வழக்கமாக விலை கூடிய வகைகள். மைல் கொடுத்து மேல் வகுப்புக்கு மாற எந்த எழுத்துகள் தகுதி பெறும் என்று ஒவ்வொரு நிறுவனமும் பட்டியல் வைத்திருக்கிறது. ஆக மலிவான வகைகள் பெரும்பாலும் அதில் இருக்காது. நமக்கு மலிவு என்று முகவர் போட்டது அப்படிப்பட்ட டிக்கெட். அதை வாங்கிய நிமிடமே, 184,000 என்ன, பத்து லட்சம் மைல் இருந்தாலும் அம்மாவை மேலே ஏற்ற வழி இல்லாமல் போய்விட்டது. தகுதியான வகையாகவே இருந்தாலும் பிசினஸ் வகுப்பில் காலி இடம் இருந்தால் மட்டும் போதாது. மைலுக்கென்று நிறுவனம் தனியாக ஒதுக்கும் இடங்களில் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

டிக்கெட்டுக்கு 9,200, சேவைக்கு 5,000 என்று மொத்தப் பணத்தையும் அவர் கொடுத்த வங்கிக் கணக்கில் செலுத்தினேன். அது நிறுவனத்தின் கணக்கு அல்ல, தனி ஆளின் பெயரில் இருந்தது. “நிறுவனக் கணக்கில் போட்டால் நாளாகும் அண்ணே” என்றார். கூடவே என் மைல் கணக்கின் எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்டார். கொடுத்தேன். அன்று மாலை தொலைபேசியில் அழைத்து, “ஓர் ஆறு இலக்க எண் வந்திருக்கும், படியுங்கள், அம்மாவின் பெயரைச் சேர்க்கிறேன்” என்றார். படித்தேன். பிரிட்டனுக்கு மலேசியர்கள் எடுக்க வேண்டிய மின்னணுப் பயண அனுமதிக்கு அப்போது கட்டணம் 16 பவுண்டு. அதற்கு ஆளுக்கு 400 ரிங்கிட் கேட்டார். அதை மட்டும் தங்கையே இணையத்தில் முடித்துக்கொடுத்தாள். அந்த விலையைக் கேட்டபோதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பயண நாளன்று சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையத்தில், பிசினஸ் வகுப்பு வரிசைக்கே அம்மாவை அழைத்துப் போனேன். புதுச் சேலை கட்டியிருந்தார். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் கடப்பிதழ்களை வாங்கிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகவர் அச்சடித்துக் கொடுத்த தாளை நீட்டினேன். அதில் பிசினஸ் என்ற சொல் தெளிவாகவே இருந்தது.

அவர் பொறுமையாக விரலை வைத்துக் காட்டினார். சாதாரண வகுப்பு வரியில் எச்.கே. என்று இரண்டு எழுத்து. அப்படியென்றால் இடம் உறுதி. பிசினஸ் வரியில் எச்.எல்.; அப்படியென்றால் காத்திருப்புப் பட்டியல். முகவர் தன் கணினியில் ஒரு காத்திருப்புக் கோரிக்கையைத் தட்டிவிட்டு, அந்தத் தாளை அச்சடித்து, 5,000 ரிங்கிட் வாங்கியிருக்கிறார். இந்த டிக்கெட் வகைக்கு அந்தக் கோரிக்கை ஒருநாளும் நிறைவேறாது என்றார் அந்தப் பெண். முகவரை அங்கேயே நின்று ஏழெட்டு முறை அழைத்தேன். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது.

“விடுப்பா, சின்னம்மா கூட இருக்கிறாள், போய்விடுவேன்” என்று அம்மா சொன்னார். அந்தப் பெண் “மாக்சிக்” (மலாயில் அத்தை) என்று அன்போடு அழைத்துப் பேசி, நடைபாதையோர இருக்கை ஒன்றைத் தேடிக் கொடுத்தார், சக்கர நாற்காலிக்கும் சொல்லிவிட்டார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். லண்டனில் இறங்கியபோது அம்மாவின் வலது முழங்கால் வீங்கி, காலணிக்குள் பாதம் நுழையவில்லை என்று தங்கை அழுதுகொண்டே சொன்னாள். பேரன் பிறந்த வாரம் முழுவதும் அம்மா கட்டிலில் காலை உயர்த்தி வைத்தபடிதான் இருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் பண இழப்பு என்று ஆறியிருப்பேன். இரண்டு வாரம் கழித்து மைல் கணக்கைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல் செல்லவில்லை. கணக்கிலிருந்த மின்னஞ்சல் முகவரியே மாற்றப்பட்டிருந்தது. விமான நிறுவனத்தை அழைத்து, அடையாளம் காட்டி உள்ளே போனபோது மூவாயிரத்துச் சொச்சம் மைல்கள்தான் மிச்சம். பல திட்டங்களில் நம் மைலைப் பயன்படுத்தத் தகுதியான குடும்பத்தினரை முன்கூட்டியே பட்டியலில் சேர்க்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிறிஸ்ஃபிளையரில் ஐந்து பேர்வரை சேர்க்கலாம். என் பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. முன்பின் தெரியாத ஒரு கணவன் மனைவியின் பெயர்கள் இருந்தன. என் மைலில் அவர்களுக்கு மெல்போர்னுக்குப் போக, வர டிக்கெட் எடுக்கப்பட்டிருந்தது. நான் படித்துக் காட்டிய அந்த ஆறு இலக்க எண் இதற்குத்தான் போயிருக்கிறது.

உடனே புகார் கொடுத்தேன். நிறுவனம் என் கணக்கை முடக்கியது. மைல்களைக் காசுக்கு விற்பதும் வாங்குவதும் இத்தகைய திட்டங்களின் விதிகளில் பொதுவாகத் தடை. கடவுச்சொல்லை நானே கொடுத்ததால், நானும் விற்றேனா என்று என்னிடமே விசாரணை. அந்த மைல்கள் இன்றுவரை திரும்பவில்லை.

அக்டோபரில் மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். மாடிக் கதவில் பூட்டு. அதன் முன்னால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். கிள்ளானிலிருந்து வந்தவர்கள். மெல்போர்னில் படிக்கும் மகனைப் பார்க்கப் போனதாகவும், திரும்பும் டிக்கெட் ரத்தாகிவிட்டதாக விமான நிலையத்தில் சொல்லிவிட்டதாகவும், மகன் கடன் அட்டையில் புது டிக்கெட் வாங்கி அனுப்பி வைத்ததாகவும் அந்த அம்மா சொன்னார். அவர் பெயரைச் சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கொடுத்த புகாரால்தான் அவர்களுடைய டிக்கெட் ரத்தானது. மலிவு விலை டிக்கெட் என்று நம்பி அவர்களும் அதே முகவருக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்திருக்கிறார்கள். அது இன்னொருவரின் மைல் என்று அவர்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம்.

இப்போது சேர்ந்தே அலைகிறோம். காவல் நிலையத்தில் புகார் செய்தாகிவிட்டது. பணம் செலுத்திய உடனே தெரிந்திருந்தால் 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணை அழைத்திருக்கலாம். வாரங்கள் கடந்துவிட்டதால் எங்களுக்கு அது உதவவில்லை. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு மனுக்களைத் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறோம். பயண முகவர் உரிமம் சுற்றுலா அமைச்சு தருவது. அந்த எண் கே.பி.கே./எல்.என். என்று தொடங்கும். சுவரில் இருந்த எண்ணுக்குரிய நிறுவனம் இவருடையது அல்ல என்ற விவரத்தையும் மனுவோடு இணைத்திருக்கிறோம்.

அந்தப் பூக்கடை மாடியில் நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ டிக்கெட் எடுத்திருந்தால், பயண நாள் வரை காத்திருக்காதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீட்டை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த வகுப்பு, எந்தக் கட்டண வகை, உறுதியா காத்திருப்பா, யாருடைய மைலில் எடுத்தது என்று நிறுவனத்தையே அழைத்துக் கேளுங்கள். மைல் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள், மின்னஞ்சல் முகவரியையும் பயனாளர் பட்டியலையும் பாருங்கள். இதே முகவரிடம் ஏமாந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதினால், விசாரணை நாளன்று அவற்றையும் மன்றத்தில் காட்டுவோம்.