மூடியிருக்கும் நாளுக்கு ஹசார்துவாரி டூர் விற்று 14,800 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்தில் இருக்கும் ஹசார்துவாரி மாளிகையைப் பார்க்கப் போகும் திட்டம் இருந்தால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்ன செய்யணும், செய்யக்கூடாது என்று கடைசியில் எழுதுகிறேன்.

அப்பா வரலாற்று வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது 74. ஹசார்துவாரி என்றால் ஆயிரம் வாசல், அதில் நூறு வாசல் பொய்க் கதவு என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. பாகீரதி ஆற்றங்கரையில் நவாப் ஹுமாயூன் ஜா 1837-ல் கட்டி முடித்த மாளிகை அது. தொல்லியல் துறை செப்பனிட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. இப்போது விட்டால் அப்பாவால் முடியாது என்றுதான் கிளம்பினோம்.

ஆன்லைனில் டூர் விற்கும் ஒரு தளம். கொல்கத்தாவிலிருந்து கார், நுழைவுச் சீட்டு, கைடு, ஆற்றில் படகு, நாலு பேருக்கு 14,800. போன் செய்த பையன் தமிழில் பேசினான். "வெள்ளிக்கிழமை வர்றோம், திறந்திருக்கும்ல?" என்று நேராகவே கேட்டேன். "தினமும் உண்டுண்ணா. அப்பாவ எங்க அப்பா மாதிரி பாத்துக்கறோம்" என்றான். அந்த ஒரு வார்த்தையை நம்பி 14,800 முழுசையும் அப்போதே ஜிபே செய்தேன்.

விடிவதற்கு முன் கிளம்பி ஆறு மணி நேரம் காரில். போய் இறங்கினால் பூட்டு. ஹசார்துவாரிக்கு வெள்ளிதான் வார விடுமுறை! டூர் விற்பவனுக்கு இது தெரியாதா? கைடும் இல்லை, படகும் இல்லை. டிரைவர் பாவம், அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அப்பா வெளியே நின்று, எது பொய்க் கதவு என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவால்லடா, வெளியவாவது பாத்தேனே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பையனுக்குப் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேண்ணா". அப்புறம் சுவிட்ச் ஆஃப். கஸ்டமர் கேரில் 24 மணி நேரம் என்றார்கள். இன்றைக்கு மூன்றாம் நாள். இப்போது வந்த பதில்: "கார் ஓடிவிட்டது, சேவை முடிந்தது, பணம் வராது." கார் வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியையாவது கொடுங்கள் என்றேன். லைனைக் கட் பண்ணிவிட்டார்கள். 14,800 ரூபாய்!

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். போனில் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.