மோஸ்ட் வான்டட் 2005: துரத்தல் பிரமாதம், கூல்டவுன்தான் உயிரை வாங்குகிறது

நீட் ஃபார் ஸ்பீட் என்கிற கார் பந்தய வீடியோ கேம் வரிசையில், தள்ளுபடியில் கிடைக்கும் பிந்தைய ஆட்டமான அன்பவுண்டை வாங்கலாமா, பழைய மோஸ்ட் வான்டட்டையே திரும்பப் போட்டு ஆடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கான பதில் இது. 2012-இல் கிரைட்டீரியன் நிறுவனம் அதே பெயரில் செய்ததைப் பற்றி இல்லை. 2005 நவம்பரில் வந்த பிளாக் பாக்ஸ் நிறுவனத்தின் ஆட்டம்: ராக்போர்ட் நகரம், நாம் ஜெயிக்கவேண்டிய பந்தயக்காரர்களின் பட்டியலான பிளாக்லிஸ்ட்டில் 15 பேர், உச்சியில் ரேசர், அவன் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்ட பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர். கார் பட்டியலும் கதையும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே போலீஸுக்கு வருகிறேன்.

இருபது வருடம் கழித்தும் இந்தத் துரத்தலுக்கு ஈடாக ஒன்று சொல்லுங்கள் என்றால் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. காரணம் போலீஸ் ரேடியோ. எந்தச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் ரோட்பிளாக் (சாலையை மறித்து நிற்கும் போலீஸ் கார்கள்) வருகிறதா, அதில் டயரைக் கிழிக்கும் ஸ்பைக் பட்டை உண்டா, ஹெலிகாப்டருக்கு எரிபொருள் தீரப்போகிறதா, எல்லாமே அதில் வந்துவிடும். சும்மா சூழலுக்காகப் போட்ட சத்தம் என்று நினைத்து வால்யூமைக் குறைப்பவர்கள் ஆட்டத்தில் பாதியை இழக்கிறார்கள். காதைக் கொடுத்து ஓட்டினால் மினிமேப்பைப் பார்க்கவேண்டிய அவசியமே குறைந்துவிடும்.

ரோட்பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நிற்கும் கார்களுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரியும். கை தானாக அந்தப் பக்கம் திருப்பும். ஸ்பைக் என்று ரேடியோவில் கேட்டிருந்தால் அந்த இடைவெளியை நம்பவே கூடாது, பட்டை அங்கேதான் விரித்திருக்கும். போலீஸ் காரின் டிக்கிப் பக்கமாகக் குறி வைத்து, திடீர் வேகம் தரும் நைட்ரஸை அழுத்தி, இடித்துக்கொண்டு போய்விட வேண்டும். பானெட் பக்கம் இடித்தால் வண்டி கனமாக நிற்கும், வேகம் செத்துவிடும். டயர் போய்விட்டால் கதை ஏறக்குறைய முடிந்தது. ஊர்ந்து ஊர்ந்து கொஞ்ச தூரம் போகலாம், அவ்வளவுதான்.

எதிரே பாய்ந்து வரும் எஸ்யூவிகள், அதாவது ரைனோ, வேறு வகை. பெரும்பாலும் ஜோடியாக வரும். கிட்டே வரும்வரை நேராகவே ஓட்டி, கடைசி நொடியில் ஸ்பீட்பிரேக்கரை, அதாவது நேரத்தை மெதுவாக்கும் வசதியை, போட்டு ஒரு பக்கமாக ஒடிக்க வேண்டும். முன்கூட்டியே ஒடித்தால் அவையும் உங்களோடு திரும்பும். இந்த ஆட்டத்தில் இடித்தால் எஞ்சின் கெட்டுப்போவதெல்லாம் கிடையாது. ஆனால் ரைனோ மேல் மோதினால் கார் அப்படியே நின்றுவிடும். பின்னால் போலீஸின் வேகமான கார்வெட் கார்கள் வந்துகொண்டிருக்கும் ஹீட் 5-இல் (போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் துரத்துகிறது என்பதன் அளவுதான் ஹீட்) நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனையும் அருமை. இதெல்லாம் முடிந்தபிறகு வருகிறது கூல்டவுன்.

எல்லாப் போலீஸ் கார்களின் பார்வையிலிருந்தும் நீங்கள் மறைந்தால் திரையின் கீழே உள்ள பட்டை தப்பிக்கும் பக்கமாக நிரம்பும். அது நிரம்பியதும் துரத்தல் முடிந்துவிடாது. இன்னொரு பட்டை தொடங்கும், அதுதான் கூல்டவுன். அது முழுதாக நிரம்பும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் மறுபடி முதலிலிருந்து துரத்தல். ஹீட் ஏற ஏற இந்தக் காத்திருப்பும் நீளும். அந்தத் துரத்தலில் சேர்த்த பவுண்டி (உங்கள் தலைக்கான விலைப் புள்ளிகள்), முடித்த மைல்ஸ்டோன்கள் (துரத்தலுக்கான இலக்குகள்), எல்லாம் தப்பித்தால்தான் கணக்கில் சேரும். பிடிபட்டால் எதுவும் கிடையாது. அபராதம் வேறு, காருக்கு ஒரு ஸ்ட்ரைக் வேறு. மூன்று சேர்ந்தால் கார் இம்பவுண்டுக்குப் போய்விடும், அதாவது பறிமுதல். பரீட்சை எழுதி முடித்துப் பேப்பரையும் கொடுத்தபிறகு ஹால் டிக்கெட் எங்கே என்று கேட்பது போல.

கஷ்டமாக இருப்பது குறை இல்லை. கஷ்டமான இடங்கள் இந்த ஆட்டத்தில் நிறைய உண்டு, அங்கெல்லாம் தோற்றால் நம் கை சரியில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். கூல்டவுனில் கைக்கு வேலையே இல்லை. அதுவரை சாலையை வாசித்து, ரேடியோவைக் கேட்டு, நைட்ரஸைக் கணக்குப் பண்ணி ஓட்டியவரை ஒரு மூலையில் நிற்கவைத்து, ரோந்து கார் இந்தத் தெருவுக்குள் திரும்புமா, அடுத்த தெருவுக்குப் போகுமா என்று வேடிக்கை பார்க்கவைக்கிறார்கள். மினிமேப்பில் மறைவிடங்களைக் காட்டுவார்கள், அங்கே நின்றால் பட்டை சீக்கிரம் நிரம்பும் என்பது உண்மைதான். ஆனால் ஹீட் 5-இல் தேடுகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். ஒருவன் பார்த்தால் போதும், நீங்கள் நிற்கும் சந்துக்கு வாசல் ஒன்றுதான் என்றால் முடிந்தது.

நியாயமாகவும் பேசவேண்டும். ஹீட் 1, 2-இல் இதே கூல்டவுன் ரசமானது. பட்டை சட்டென்று நிரம்பும், ஒரு கார் பக்கத்துத் தெருவில் கடந்து போகும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம், முடிந்துவிடும். இது இல்லாவிட்டால் தப்பித்தோம் என்கிற உணர்வே வராது. அளவைக் கூட்டிக்கொண்டே போனதுதான் பிழை.

அதனால் ஹீட் 4, 5-இல் கூல்டவுனுக்கு எப்படிப் போகிறோம் என்பதை முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். திரையில் பேக்கப் (கூடுதல் போலீஸ் கார்கள்) வர இன்னும் எவ்வளவு நேரம் என்று ஓடும் எண்ணைக் கவனியுங்கள். அது பூஜ்யத்துக்கு வருமுன் இருக்கும் கார்களை ஒழித்தால்தான் இடைவெளி கிடைக்கும். இதற்காகவே, இடித்தால் சரிந்து போலீஸ் கார்கள் மேல் விழும் பர்சூட் பிரேக்கர் ஒன்றையாவது தொடாமல் வைத்திருங்கள். மேப்பில் சிவப்பு முக்கோணமாகத் தெரியும் டோனட் கடை, பெட்ரோல் பங்க், தண்ணீர்த் தொட்டி மாதிரியானவை. உற்சாகத்தில் முதல் இரண்டு நிமிடத்திலேயே எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. உடைத்தது அந்தத் துரத்தல் முடியும்வரை திரும்ப வராது.

ஹெலிகாப்டர் தலைக்கு மேல் இருக்கும்போது ஒளியப் பார்ப்பது வீண். அது போனபிறகுதான் உள்தெருக்களுக்குள் இறங்க வேண்டும். நெடுஞ்சாலை 99, 201 இரண்டிலும் நிற்காதீர்கள், நேர்சாலையில் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்கள். மறைவிடத்துக்குள் ரிவர்ஸில் போய் முகப்பு வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள். கண்டுபிடித்தாலும் பாய்ந்து வெளியேற வழி இருக்கும். சூழ்ந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்திக்கொண்டிருக்காமல் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அசைவு இருக்கும்வரை பிடிபடும் பட்டை முழுதாக நிரம்பாது.

துரத்தலுக்குக் கிளம்புமுன் காரின் ஹீட்டைப் பாருங்கள். அதிகமாக இருந்தால் கடைக்குப் போய் பெயின்ட், பாடி கிட் மாற்றினாலே இறங்கும். ஆட்டத்திலேயே மலிவான வைத்தியம் அதுதான்.

கூல்டவுன் சலிப்பு தருகிறது என்பது செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது. ரேசரை ஜெயித்தபிறகு வரும் கடைசித் துரத்தல் எப்படி முடிகிறது? எங்கேயோ ஒளிந்து பட்டை நிரம்பக் காத்திருந்தா? இல்லை. எம்3 ஜிடிஆரை எடுத்துக்கொண்டு, போலீஸ் அதிகாரி கிராஸ் பின்னால் வர, நமக்கு உதவும் மியா வழி சொல்ல, உடைந்த பாலத்தைத் தாண்டி ஊரைவிட்டே போகிறோம். கதையில் ஹீட் 6 அங்கே மட்டும்தான் உண்டு. ஆட்டத்தின் உச்சக்கட்டத்தில் தூக்கி வீசத் தெரிந்ததை, அதற்கு முன்னால் அத்தனை மணி நேரம் நம் தலையில் ஏன் கட்டினார்கள்?

பந்தயங்களைப் பற்றி ஒரு வரி போதும்: எவ்வளவு முந்தினாலும் எதிராளி கடைசியில் பின்னாலேயே வந்து நிற்பான், அது இந்த வரிசை முழுக்க உள்ள வியாதி. கார் எது என்று கேட்டால், பிளாக்லிஸ்ட்டில் உள்ள மிங்கை ஜெயிக்கும் கட்டத்தில் லம்போர்கினி கல்லார்டோ கிடைத்தால் விடாதீர்கள், வளைவில் அதுபோல ஒட்டி ஓடுவது குறைவு.

கணினியில் போடுகிறவர்களுக்கு: ஸ்டீமில் தேடாதீர்கள், அங்கே இல்லை. அசல் டிவிடி கையில் இருந்தாலும் விண்டோஸ் 10-இல் சிக்கல்தான். அதிலிருந்த சேஃப்டிஸ்க் நகல் தடுப்புப் பாதுகாப்புக்கான டிரைவரை விண்டோஸ் கைவிட்டுவிட்டது. ஆட்டத்தை 1.3 பேட்ச் வரை கொண்டுவந்தபிறகுதான் அகலத் திரைக்கு ஏற்ப ஆட்டத்தைத் திருத்தும் வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் வேலை செய்யும். அதன் கோப்புகளை ஆட்டம் இருக்கும் ஃபோல்டரிலேயே அப்படியே போட வேண்டும், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரோடு சேர்த்து. இது இல்லாமல் அகலத் திரையில் போட்டால் கார்கள் நசுங்கித் தட்டையாகத் தெரியும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ட்ரிக்கரையும் பழைய டைரக்ட்இன்புட் ஒரே ஆக்ஸிஸாகப் பார்க்கும், பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்கும் தீர்வு அதே ஃபிக்ஸின் ஐஎன்ஐ கோப்பில் இருக்கிறது, கேம்பேட் வரியை இயக்கினால் போதும். டாக்குமென்ட்ஸில் உள்ள சேவ் ஃபோல்டரை அடிக்கடி நகல் எடுத்து வையுங்கள். பிடிபட்டவுடன் ஆட்டமே சேவ் செய்துகொள்ளும், பழையதற்குத் திரும்ப வேறு வழி இல்லை.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். இதைவிட நல்ல போலீஸ் துரத்தல் அன்பவுண்டில் இல்லை. இருந்தும் அன்பவுண்டையே வாங்குங்கள். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவர், அதில் கால்வாசியை ராக்போர்ட்டின் ஒரு சந்தில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? லீவு நாள் முழுதாகக் கையில் இருந்தால் வந்து கேளுங்கள், அப்போது வேறு பதில் சொல்லக்கூடும்.